புதிய அலை: அண்ணனின் ஒலிநாடாப் பெட்டி



கடந்த பள்ளி விடுமுறையில் நான் பயிற்றி எதுவும் தயாரிக்கவில்லை. ஒரு வாரம் முழுவதும் என் மேசையில் ஒலிநாடாக்கள்தாம் கிடந்தன. ஈராண்டுகளுக்கு முன் மறைந்த என் அண்ணனின் ஒலிநாடாக்கள் அவை. அண்ணி அவற்றை இரண்டு காலணிப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். பூஞ்சணம் பிடித்து வீணாவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று அண்ணன் மகள் பிடிவாதமாக நின்றாள். பழைய ஒலிநாடா இயந்திரம் ஒன்றைச் சுங்கைப்பட்டாணியில் தேடி வாங்கிக்கொண்டு ஜித்ராவில் உள்ள என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

நாடாவை ஓடவிட்டுப் பதிவு செய்வது எளிய வேலைதான். பதிவு முடிந்தவுடன் கணினி சில கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்கிறது. பாடலின் பெயர், பாடியவர், ஆண்டு, கடைசியாக ‘வகை’. இந்த நான்காவது கட்டத்தில்தான் நாங்கள் இருவரும் இடறினோம்.

முதல் பெட்டியில் இடறல் இல்லை. சீர்காழி கோவிந்தராசன் என்றால் பக்திப்பாடல். எம்.எஸ். விசுவநாதன் என்றால் திரைப்பாடல். இரண்டாவது பெட்டியின் அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினாறு நாடாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் அண்ணனின் சாய்வான கையெழுத்தில் ‘பு.அ.’ என்ற இரண்டு எழுத்துகள்.

“பு.அ. என்றால் என்ன அத்தை?”

“புதிய அலை. நியூ வேவ் இசைக்கு உன் அப்பா வைத்த பெயர்.”

அவள் வளையத்தைக் கழற்றி நாடாக்களைப் பரப்பினாள். தி போலீஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், தி கார்ஸ், டுரான் டுரான், டெப்பெச் மோட். ஆறேழு நாடாக்களின் உறையில் சயாமிய எழுத்துகள் இருந்தன. கடைசி மூன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவை: ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’, ‘ஹவ் டு நேம் இட்’. மூன்றும் இளையராஜாவின் இசை. மூன்றும் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தவை. அவற்றின் முதுகிலும் அதே ‘பு.அ.’

“இளையராஜாவை நியூ வேவ் என்று போட்டால் என் நண்பர்கள் சிரிப்பார்கள் அத்தை. அப்பா தவறுதலாக ஒட்டிவிட்டாரா?”

எனக்கும் உடனே விடை தெரியவில்லை. ஆசிரியர் என்ற பழக்கத்தால், “முதலில் புதிய அலை என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதுவோம். பிறகு இவை அதற்குள் அடங்குமா என்று பார்ப்போம்” என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்த வேலையின் கடினம் புரிந்தது.

நன்னூல் காட்டும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் என்பதை நாம் அறிவோம். என் வரைவுகள் ஒவ்வொன்றும் இவ்விரண்டில் ஒன்றில் போய் விழுந்தன. ‘மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட இளையோர் இசை’ என்று எழுதினேன். தி போலீஸ் குழுவின் தொடக்ககாலப் பாடல்கள் கிட்டார், பாஸ் கிட்டார், மத்தளம் என்ற மூன்றே கருவிகளில் நின்றவை. அவை வெளியே போய்விடுகின்றன. ‘1970களில் மேற்கில் தோன்றிய புதிய பாணி’ என்று எழுதினேன். டிஸ்கோவும் அதற்குள் வந்துவிடுகிறது.

ஆகவே இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ‘புதிய அலை’ முதலில் இசைக்கு உரிய பெயரே அன்று. 1950களின் இறுதியில் பிரான்சு நாட்டில் கோதார், துரூஃபோ போன்ற இயக்குநர்கள் எடுத்த படங்களைக் குறித்த சொல் அது. தமிழில்கூட நாம் ‘புதிய அலைத் திரைப்படம்’ என்று படித்திருக்கிறோம். இசைக்கு அச்சொல் பரவலாக வந்தது 1976, 1977ஆம் ஆண்டுகளில். அப்போது நியூயார்க்கிலும் இலண்டனிலும் பங்க் இசை வெடித்திருந்தது. ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. பதினான்கு பாடல்கள், மொத்தமே அரைமணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு முந்திய ராக் இசையில் ஒரே பாட்டில் பத்து நிமிடம் கிட்டார் வாசித்துத் திறமை காட்டுவார்கள். அதை இவர்கள் தூக்கி எறிந்தார்கள். மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், மேடையேறலாம் என்றார்கள்.

ஆனால் ‘பங்க்’ என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு அரசியாரைக் கேலி செய்து பாடிய பாட்டை பிபிசி 1977இல் தடை செய்தது. அமெரிக்க வானொலி நிலையங்கள் அச்சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தின. நியூயார்க்கின் சிபிஜிபி என்ற சிறு மன்றத்தில் பாடிய குழுக்களை ஒப்பந்தம் செய்திருந்த சையர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் சீமோர் ஸ்டைன், இவற்றை இனிப் பங்க் என்று சொல்லாதீர்கள், நியூ வேவ் என்று சொல்லுங்கள் என 1977இல் ஒரு விளம்பர முயற்சியே நடத்தினார். சரக்கு பெரும்பாலும் அதேதான். கடைக்காரர் சீட்டை மாற்றி ஒட்டினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சீட்டு மாறிய பிறகு சரக்கும் மெல்ல மாறிவிட்டது என்பதுதான் சுவையான செய்தி. பங்க் திறந்துவிட்ட வாயில் வழியே, பங்க் மட்டும் வாசித்து மனநிறைவு அடையாதவர்கள் உள்ளே வந்தார்கள். பாட்டின் சுருக்கத்தையும் துடிப்பையும் வைத்துக்கொண்டார்கள். இனிய மெட்டையும், ஆடத்தக்க தாளத்தையும், விசைப்பலகையையும் சேர்த்தார்கள். தி போலீஸ் 1978இல் ‘ராக்சேன்’ பாட்டில் ஜமாய்க்கா நாட்டு ரெகே தாளத்தைக் கலந்தது. பிளாண்டி 1979இல் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாட்டில் டிஸ்கோவைக் கலந்தது. 1981இல் ‘ராப்ச்சர்’ பாட்டில் ராப்பையும் கலந்தது. டாக்கிங் ஹெட்ஸ் 1980இல் ‘ரிமெய்ன் இன் லைட்’ தொகுப்பில் ஆப்பிரிக்கத் தாளங்களை அடுக்கியது. இவை மூன்றும் ஒன்றுபோல் ஒலிப்பவை அல்ல. பிறகு எப்படி ஒரே பெயர்?

இங்குதான் நம் பண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மோகனத்துக்கு இலக்கணம் உண்டு. ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள். அவற்றின் ஏற்றமும் இறக்கமும். எந்த நூற்றாண்டில் எவர் பாடினாலும் அந்த இலக்கணத்தில் நின்றால் அது மோகனம். புதிய அலைக்கு அப்படிச் சுர இலக்கணம் கிடையாது. அதற்கு நெருங்கிய உறவு இசையில் இல்லை, இலக்கியத்தில் இருக்கிறது: புதுக்கவிதை. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி முதலியோரின் கவிதைகளை வெளியிட்டபோது, புதுக்கவிதை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு உடனடியாகச் சொல்ல முடிந்தது, அது எதை விட்டுவிட்டது என்பதைத்தான். யாப்பை விட்டது. விட்ட பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள். ‘எழுத்து’ கவிஞர்கள் அகத்துக்குள் திரும்பினார்கள். 1970களில் கோவையிலிருந்து எழுந்த வானம்பாடிகள் வீதியை நோக்கிப் பாடினார்கள். ஒருவரையொருவர் கடிந்தும் கொண்டார்கள். ஆனாலும் நாம் இரு சாராரையும் புதுக்கவிதை என்ற ஒரே பாடத்தில்தான் வைக்கிறோம்.

புதிய அலையின் கிளைகளும் அப்படியே. நாடாக்கள் ஓட ஓட ஒவ்வொன்றாகப் புரிந்தன. பங்க்கின் கோபத்தை விடாமல், ஆனால் அதன் எளிமையை விட்டு, இருளும் சோதனையுமாகப் போனவர்களை போஸ்ட்-பங்க் என்கிறார்கள். மான்செஸ்டர் வட்டாரத்தின் ஜாய் டிவிஷன் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் மறைந்தபின் எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் கூடி, 1983இல் ‘புளூ மண்டே’ என்ற ஆட்டப்பாட்டைத் தந்தார்கள். ஒரே மனிதர்கள், மூன்றே ஆண்டுகளில் கிளை மாறிவிட்டார்கள். கிட்டாரையே கீழே வைத்துவிட்டு மின்னிசைப் பலகையை மட்டும் நம்பியவர்கள் சிந்த்-பாப் கிளையினர். செர்மனியின் கிராஃப்ட்வெர்க் இவர்களுக்கு முன்னோடி. கேரி நியூமன், ஹியூமன் லீக், டெப்பெச் மோட் ஆகியோர் இவ்வழியில் வந்தவர்கள். ‘நியூ ரொமான்டிக்’ என்பது இசையைவிட உடையையும் ஒப்பனையையும் வைத்து வந்த பெயர். டுரான் டுரானும் ஸ்பாண்டாவ் பாலேயும் அப்பெயரில் அறியப்பட்டார்கள். 1981 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது, காட்டுவதற்கு ஆயத்தமாகப் படக்காட்சிகளை வைத்திருந்தவர்கள் இவர்கள்தாம். அமெரிக்கர்கள் அத்தனையையும் சேர்த்து நியூ வேவ் என்றே அழைத்தார்கள். இங்கிலாந்தில் கிளைப்பெயர்கள் தனித்தனியே நின்றன. ஆக, ஒரே இசைத்தட்டுக்குக் கடல் கடந்தால் வேறு பெயர்.

நம் நாட்டிலும் இசைப் பெயர்கள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. 1960களின் மலாய்ப் பாடல்களுக்கு ‘பாப் யே யே’ என்ற பெயர், பீட்டல்ஸ் பாட்டில் வந்த ‘யே யே’ ஒலியிலிருந்து ஒட்டிக்கொண்டது. 1980களில் சர்ச், விங்ஸ் போன்ற குழுக்களின் இசையை ‘ராக் காப்பாக்’ என்றார்கள். காப்பாக் என்றால் கோடரி. இப்பெயர்களில் எந்த இசையிலக்கணமும் இல்லை. ஆனாலும் அலோர்ஸ்டாரில் அந்த வயதுடைய எவரைக் கேட்டாலும் எது எந்த வகை என்று தயங்காமல் சொல்வார்.

இனி அண்ணனின் பதினாறு நாடாக்களுக்கு வருகிறேன்.

நாங்கள் வளர்ந்தது ஜித்ராவுக்கு வடக்கே, சாங்லூன் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவினார். அண்ணன் ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டு, ஜித்ராவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் பாதி அம்மா கையில். மீதியில் மாதம் ஒன்றோ இரண்டோ ஒலிநாடாக்கள். பாடாங் பெசார் எல்லைக்குப் போனால் மலிவாகக் கிடைக்கும். அவை அசல் நாடாக்கள் அல்ல என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அசலுக்குக் காசு இல்லை. அவற்றில் பத்துக் குழுக்களின் பாடல்களை ஒரே நாடாவில் திணித்து ‘நியூ வேவ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அண்ணன் கற்றுக்கொண்ட முதல் வரைவிலக்கணம் அந்தச் சயாமியக் கடைக்காரர் எழுதியதுதான்.

மாலையில் பட்டறை எண்ணெய் வாடையோடு வந்து, லயத்து வீட்டின் பின்வாசலில் உட்கார்ந்து அவற்றைக் கேட்பார். அப்பாவுக்குக் கோபம் வரும். “தகரத்தைத் தட்டுறதுக்கு எல்லாம் பாட்டுன்னு பேரு” என்பார். அண்ணன் எதிர்த்துப் பேசியதில்லை. ஒலியைக் குறைத்துக்கொள்வார். 1986இல் ‘விக்ரம்’ நாடாவை வாங்கி வந்த அன்று மட்டும் ஒலியைக் குறைக்கவில்லை. கமல்ஹாசனே பாடிய அந்தத் தலைப்புப் பாடல், இயந்திர ஒலிகளோடு எங்கள் லயம் முழுவதும் கேட்டது. தமிழ்ப் பாட்டு என்பதால் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர் ஏன் கண்ணைச் சிமிட்டினார் என்று விளங்கவில்லை.

இப்போது அண்ணன் மகளோடு உட்கார்ந்து, டெப்பெச் மோட் நாடாவையும் ‘விக்ரம்’ நாடாவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோது விளங்கியது. ‘புன்னகை மன்னன்’ படத்தின் கருவியிசையைக் கணினியின் துணையோடு இளையராஜா அமைத்தார் என்பது பலர் அறிந்த செய்தி. மேற்கில் சிந்த்-பாப் குழுக்கள் பயன்படுத்திய அதே தலைமுறைக் கருவிகள் சென்னைக்கும் வந்துவிட்டிருந்தன. கருவி ஒன்று, செய்த பண்டம் வேறு. அந்தப் பாடல்களுக்குப் பின்னால் பங்க் இல்லை. பண்ணைப்புரமும், 1976இல் வந்த ‘அன்னக்கிளி’யும் இருந்தன. ஆகவே கறாராகப் பார்த்தால் அண்ணனின் சீட்டு மிகைபடக் கூறல் குற்றத்துக்கு உள்ளானதுதான். மதிப்பெண் போடுவதானால் நான் குறைத்தே போடுவேன். ஆனால் அந்தப் பின்வாசலில் கேட்டவருக்கு இரண்டும் ஒரே கரையில் வந்து மோதின என்பதும் உண்மை.

‘ஹவ் டு நேம் இட்’ பற்றி அவளுக்கு ஒரே வியப்பு. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா அமைத்த கருவியிசைத் தொகுப்பு அது. வயலின் கூட்டமும் கருநாடக இராகமும் கலந்து வருவது. மின்னிசைத் துள்ளலை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். “பெயரே, இதற்கு என்ன பெயர் வைப்பது என்றுதானே கேட்கிறது அத்தை! இதைப் போய் அப்பா ஏன் இந்தக் கட்டில் வைத்தார்?” என்றாள். அதற்கு மட்டும் என்னிடம் இன்றுவரை விடை இல்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டு, அப்போது நான் பணியாற்றிய பள்ளியில், ஆசிரியர் தின விழாவின் கலைநிகழ்ச்சிகளுக்கு நான் பொறுப்பாசிரியர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் பயிற்சி செய்திருந்தார்கள். முந்திய ஆண்டு நம் நாட்டில் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பின் ‘மடை திறந்து’ பாட்டு. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் மேல் தமிழில் ராப் பாடியிருந்தார்கள். நான் அப்பாட்டை முழுமையாகக் கேட்டதில்லை. ராப் என்ற சொல்லைக் கேட்டதுமே மறுத்துவிட்டேன். “தமிழ்ப்பள்ளி மேடையில் தமிழ்ப் பாட்டு பாடுங்கள்” என்றேன்.

மறுநாள் ஒரு மாணவனின் தந்தை வந்தார். லாரி ஓட்டுநர். சத்தமில்லாமல் பேசினார். “டீச்சர், அவன் வீட்டுல வாயத் தொறக்கவே மாட்டான். இந்த மூணு வாரமா அவன் தமிழ இவ்வளவு வேகமா, தடங்காமப் பேசுறத இப்பதான் கேக்குறேன். வரியெல்லாம் எழுதி வச்சுப் படிக்கிறான்.” நான் நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அச்சாகவில்லை. அந்த நால்வரும் விழாவன்று பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

அன்று மாலை அண்ணனிடம் பெருமையாகவே இதைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “நீ அப்பா மாதிரியே பேசுறம்மா” என்றார். பிறகு, “பாட்டைக் கேட்டியா, பேரை மட்டும் கேட்டியா?” என்றார். எனக்குச் சினம் வந்துவிட்டது. பட்டறை வேலை செய்பவர் ஆசிரியருக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் முன்னால் ஒலியைக் குறைத்துக்கொண்டதைப்போல என் முன்னாலும் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டாவது பெட்டி காலியானது. அடியில் விரித்திருந்த பழைய நாளிதழை எடுத்தபோது, அதற்குக் கீழே ஒரு குறுவட்டு இருந்தது. ‘வல்லவன்’. உறையின் ஓரத்தில் வெள்ளைச் சீட்டு. அண்ணனின் கையெழுத்து அப்போதைக்குக் கொஞ்சம் நடுங்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் ‘பு.அ.’ தெளிவாகவே தெரிந்தது.

அண்ணன் மகள் அதைக் கணினியில் போட்டாள். பத்தொன்பது ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ கழித்து, அந்தப் பாட்டை முதன்முறையாக முழுவதும் கேட்டேன். சொற்கள் மிக விரைவாக ஓடுகின்றன. எதுகையும் மோனையும் விழும் இடங்களை என் காது தானாகவே எண்ணத் தொடங்கியது. இரண்டாம் முறை போடச் சொன்னேன். மூன்றாம் முறையும்.

“வகை என்ன போடட்டும் அத்தை? ஹிப்-ஹாப் தானே?”

“ஹிப்-ஹாப் என்றே போடு. தேடுகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும். குறிப்பு என்று கீழே ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அப்பா எழுதியதை அப்படியே எழுதிவிடு.”

போலீசுக்கும் டெப்பெச் மோடுக்கும் நியூ வேவ், சிந்த்-பாப் என்று எழுதினோம். ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டுக்கும் திரையிசை. பதினாறுக்கும் அந்தக் குறுவட்டுக்கும் குறிப்புக் கட்டத்தில் ‘பு.அ.’ ஏறியது. ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்புக்கு வகைக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். கணினி அதையும் ஏற்றுக்கொண்டது.

அந்த நால்வருள் ஒருவர் இப்போது ஜித்ராவிலேயே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். விடுமுறை முடிவதற்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரம் மீண்டும் போவேன்.

அன்புடன்,
ஜித்ராவிலிருந்து உங்கள் ஆசிரியை